மாதிரி நோயாளியின் ஆறு வாரம்

மலேசியாவின் ஜொகூர் மாநில டாக்டர்களுக்குக் கைப்பேசிச் செயலி ஒன்றைப் பற்றிப் பாடம் எடுப்பது ரூபேந்திரனின் வேலை. மனச்சோர்வுக்கு மாத்திரையோடு சேர்த்து டாக்டர் எழுதிக்கொடுக்கும் செயலி அது. நோயாளி தினமும் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். டாக்டர் தன் திரையில் வரைபடத்தைப் பார்ப்பார். ஆறு வாரத்தில் சோர்வுக் கோடு இறங்கும். அதைக் காட்டத்தான் 'செல்வா' என்ற மாதிரி நோயாளி.

செல்வா இல்லாத ஆள். அவனுக்காகத் தினமும் பதில் சொல்ல வேண்டியவன் ரூபேந்திரன். முதல் வாரம் கற்பனையாகச் சொன்னான். பத்து பாகாட், குளுவாங், ரெங்கம் என்று ஊர் ஊராக அலைந்ததில் கற்பனை தீர்ந்துபோய், வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தான். அதாவது தன்னைப் பற்றிய உண்மையை.

'இன்று யாருடன் பேசினீர்கள்?'

'காரில் வழி சொல்லும் பெண்ணோடு. அவளும் திரும்பிப் போகத்தான் சொன்னாள்.'

இந்த மாதத்துக்குள் ஒரு கிளினிக்காவது செயலியை வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை போய்விடும். இந்த மாதப் பட்டியலில் மிச்சமிருந்தது சிகாமட் கிளினிக் ஒன்றுதான். அங்கே ஐந்து டாக்டர்கள் வந்தார்கள்.

"கிளாஸ் கெடக்கட்டும் லா. பிரியாணி ஆடா, கோழியா?" என்றார் டாக்டர் காளிதாஸ்.

"ஆடு, டாக்டர்."

"நல்ல செயலி."

வகுப்புக்கு வந்தால் டாக்டர்களுக்குக் கிடைக்கும் பயிற்சிப் புள்ளிக்கான தாளில் கையெழுத்துப் போட்டு, பிரியாணிப் பொட்டலத்தோடு நால்வர் கிளம்பினார்கள். டாக்டர் ஃபரீஹா மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோடு ஏறுதே?"

அவன் அப்போதுதான் பார்த்தான். ஏறித்தான் இருந்தது. கோளாறு என்று சொல்லிவிட்டால் கையெழுத்துக்கு இன்னும் வழி உண்டு.

"அலமாக்... சிஸ்டம்ல ஏதோ..."

"சிஸ்டம் எப்படி, 'ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடல, நானே என் நம்பருக்கு அடிச்சுப் பார்த்தேன், பிஸின்னு வந்துச்சு'ன்னு எழுதும்?"

ரூபேந்திரன் ஒயரைச் சுருட்டினான். சுருட்டியதை அவிழ்த்து மறுபடி சுருட்டினான்.

"நான்தான் எழுதினேன், டாக்டர்."

"ஆறு வாரமா இதை யாரும் பாக்கலையா?"

"நீங்கதான் முதல்ல."

"அப்ப ஆப் ஒழுங்காத்தான் வேலை செய்யுது," என்றார் அவர். "பாக்கத்தான் ஆளில்ல. ஆனா ஒப்பந்தம்னா நாங்க அஞ்சு பேரும் சேர்ந்து போடணும். இந்த வரைபடத்தக் காட்டுனா அவங்க போட மாட்டாங்க."

"தெரியும், டாக்டர். இது போச்சுன்னா என் வேலையும் போயிடும்."

"வியாழக்கிழமை பத்தரைக்கு என்னைப் பாக்க வாங்க. பேஷண்டா."

"அன்னிக்குக் குளுவாங்ல அடுத்த மாசத்து முதல் கிளாஸ் இருக்கே."

"வேலை போகப்போகுதுல்ல?"

"ஆமால்ல," என்றான். ஆறு வாரத்தில் முதல் முறையாக அவனுக்கு ஓய்வு கிடைத்திருந்தது.

அவர் நேரத்தைக் குறித்துக்கொண்டார். "முதல் தடவை வர்றவங்க யாரையாச்சும் கூடக் கூட்டிட்டு வருவாங்க. வீட்டு ஆளோ, கூட்டாளியோ."

ரூபேந்திரன் யோசித்தான். ஜன்னலுக்குக் கீழே பேருந்து ஒன்று நின்று, ஆள் ஏற்றி, புறப்பட்டுப் போகும் வரை யோசித்தான்.

"தனியாவே வரேன், டாக்டர்."