இறக்கத்துக்கு ஒரு டயர்

கனீஸ் ஃபாத்திமா வெள்ளைத் துப்பட்டிக்குள்ளிருந்து கையை நீட்டி, சுண்டுவிரலை டயரின் பள்ளத்துக்குள் விட்டுப் பார்த்தாள். நகம் மூழ்கியது. முதல் கணுவும் மூழ்கியது. கடையின் முன்பக்கம் பார்த்த டயர்களில் நகம்கூட முழுதாக மறையவில்லை. இது பின்கட்டில், மழையும் வெயிலும் பட்டு, உள்ளே கொசு முட்டையிட்ட தண்ணீரோடு கிடந்தது. பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது கோபால்சாமி நாயுடு எடுத்து வந்து, கேட்பாரில்லாமல் போட்டுவைத்த ஜோடி. கட்டை கட்டையான பட்டன்கள் நடுவில் கூடி, இரண்டு பக்கமும் மீன்முள் மாதிரி சரிந்திருந்தன.

"இன்னாம்மா, சந்தையில மாட்டுக்குப் பல்லு புடிச்சிப் பாக்கறா மாரி பாக்கறீங்க" என்றார் நாயுடு.

"பல்லு இருந்தாதானே நாயுடு, மண்ணைக் கடிக்கும்."

அவள் கொழுந்தன் ஹனீஃபா பின்னால் நின்று செருமினான். வாணியம்பாடிக்குப் புறப்படும்போதே அவன் ஒரு ஜோடியை மனதில் முடிவு செய்திருந்தான். பழைய டயரின் மேல் புதுத் தோல் ஒட்டி, கறுப்பு பூசிப் பளபளவென்று வைத்திருந்த ரீட்ரெட். கம்பெனி டயர்கள் காகிதம் சுற்றி உத்தரத்தில் தொங்கின. அவற்றை யாரும் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "இத்த மாட்டினா ரோட்டுல டமடமன்னு சத்தம் வரும் பாபி. ஊரே சிரிக்கும். ரீட்ரெட் பாருங்க, எப்படி மொழுமொழுன்னு கீது."

மொழுமொழுவென்று இருப்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கையிலிருந்த காசுக்கு ரீட்ரெட்டும் வரும், இதுவும் வரும். தவறாக எடுத்தால் இன்னொரு தடவை எடுக்க வராது.

லாரியே பட்டாளத்து லாரிதான். யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்ததை அவள் கணவன் சைபுல்லா வாங்கினார். பின்னால் பக்கத்துக்கு ஒரே சக்கரம், மூக்கு சப்பையான வண்டி. காலியாக மலையேறி, தோல் பதனிட உதவும் ஜவ்வாது மலைக் காட்டுக் கடுக்காயை ஏற்றிக்கொண்டு இறங்கி, வாணியம்பாடித் தோல்மண்டிகளில் சேர்ப்பதுதான் தொழில். போன வருஷம் ஐப்பசி மழையில், புளியமரத்து வளைவில், வண்டி அவரையும் சுமையையும் சேர்த்துச் சரிவில் சாய்த்தது. மரம் தாங்கியது. உயிர் தங்கியது, இடுப்பு தங்கவில்லை. அன்றிலிருந்து அவர் கட்டையை ஊன்றி வாசல் வரை வருவார். மலை தெரியும் பக்கம் திரும்பமாட்டார். கட்டிலையே ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போடச் சொல்லிவிட்டார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளும் கேட்கவில்லை. அந்த வீட்டில் மௌனம் நான்காவது ஆளைப்போலக் கூடவே உட்கார்ந்து சோறு தின்றது.

மலைமேல் கிட்டங்கியில் கடைசிக் கடுக்காய் அப்படியே கிடந்தது. கூரை ஒழுகத் தொடங்கிவிட்டதாகத் தகவல் வந்திருந்தது. பூஞ்சணம் பிடித்தால் மண்டிக்காரர் தொடமாட்டார். அடுத்த வருஷம் அந்தச் சுமை வேறு லாரிக்குப் போகும். போளூரில் வண்டியை விலைக்கு வாங்க ஆள் பார்த்துவிட்டு வந்து ஹனீஃபா கடைசியாகச் சொன்னது இதுதான்: "இந்த மழைக்குள்ள அந்த மூட்டைங்களை இறக்கிட்டீங்கன்னா, வண்டி நம்ம வூட்லயே நிக்கட்டும் பாபி. இல்லாங்காட்டி வித்துடலாம். அண்ணனுக்கும் அத்தப் பாத்துப் பாத்து வதைதான்." அவன் கெட்டவன் இல்லை. அதனால்தான் மறுத்துப் பேச வழியில்லாமல் போயிற்று.

"இதையே போடுங்க நாயுடு" என்றாள்.

நாயுடு டயரின் விலாவில் இருந்த அம்புக்குறியைத் துடைத்துக் காட்டினார். "அம்பு முன்னால பாக்கற மாரி மாட்டணும். மாத்தி மாட்டிட்டு எங்கிட்ட வந்து அழக்கூடாது, ஆமா."

ஊரான ஆலங்காயத்துக்குத் திரும்பி, அவர் சொன்னபடியே பின்சக்கரங்களில் மாட்டினார்கள். ஓட்ட வந்தவர் கோவிந்தன், சைபுல்லாவின் பக்கத்து ஸீட்டில் பல வருஷம் உட்கார்ந்தவர். ஊர்க்கோடி ஏரிக்கரையில் களிமண் சரிவு ஒன்று இருந்தது. முந்தின நாள் மழையில் அது நெய் தடவியதுபோல் மின்னியது. லாரி அதில் யானை மாதிரி ஏறியது. ஒரு சக்கரம்கூடச் சுற்றி வீணாகவில்லை. வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். பிறகு கோவிந்தன் திரும்பி இறங்கினார். பாதியில் பிரேக்கைத் தொட்டார். பின்பக்கம் மெல்ல, மரியாதையாக, ஒரு பக்கமாக விலகியது. வண்டி குறுக்கே திரும்பிச் சறுக்கி, அடிவாரப் புதரில் முட்டி நின்றது. கைதட்டியவர்கள் கலைந்து போனார்கள்.

கோவிந்தன் இறங்கிவந்து அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஏறுது பாயம்மா. நல்லா ஏறுது."

மாலையில் அடுப்பு மூட்டினாள். சோறு வைத்தாள். தட்டைக் கழுவினாள். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வெளியே தூறல் ஓட்டின்மேல் விட்டு விட்டுப் பேசிக்கொண்டிருந்தது. ஒரு வருஷமாகக் கேட்காததை எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டால் உடைவது அவரா, தானா என்றும் தெரியவில்லை.

"அன்னிக்கி இன்னாங்க ஆச்சு?"

அவர் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். தூறல் நின்று, மறுபடி பிடித்தது. அவள் எழுந்துவிடலாம் என்று தரையில் கையை ஊன்றியபோது குரல் வந்தது.

"பிரேக் புடிச்சேன். சக்கரம் நின்னுச்சு." கொஞ்சம் பொறுத்து, "வண்டி நிக்கல" என்றார்.

அவ்வளவுதான். ஆனால் ஒரு வருஷத்தின் கனம் அந்த மூன்று வாக்கியங்களில் இறங்கியது போலிருந்தது. அவர் மூச்சு சீரானது.

காலையில் தண்ணீருக்குப் போனாள். அந்தத் தெருவின் கிணறு படி இறங்கி மொள்ளும் கிணறு. மழைக்காலத்தில் படியெல்லாம் பாசி. குடத்தோடு ஏறும்போது அவள் கால்விரல்கள் தாமாகவே கல்லை அழுத்திப் பிடித்தன. இரண்டாவது நடைக்காக இறங்கினாள். நடுப்படியில் கால் வழுக்கியது. சட்டென்று குதிகாலை ஊன்றி நின்றாள். நின்ற இடத்திலேயே தன் பாதத்தைப் பார்த்தாள்.

ஏறும்போது விரல். இறங்கும்போது குதிகால்.

அம்பு வழியில் மாட்டிய டயருக்கு விரல் இருந்தது, குதிகால் இல்லை. உந்தித் தள்ளும்போது மண்ணைக் கவ்வும் பட்டன், பிடித்து நிறுத்தும்போது மண்ணைத் தடவிக்கொண்டு போகிறது. ஊரில் உள்ள வண்டிகளெல்லாம் சுமையோடு ஏறவும் பாடுபடுகின்றன, இறங்கவும் பாடுபடுகின்றன. அவளுடைய வண்டி ஏறும்போது காலி. சுமை முழுவதும் இறக்கத்தில். ஏற்றத்தில் வழுக்கினால் கல்லை அண்டக்கொடுத்து நிற்கலாம், இறங்கித் தள்ளலாம், நாளைக்கு வரலாம். இறக்கத்தில் வழுக்கினால் நாளை என்று ஒன்று கிடையாது.

குடத்தைப் படியிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

"டயரைத் திருப்பி மாட்டுங்க கோவிந்தண்ணே. அம்பு பின்னால பாக்கட்டும்."

ஹனீஃபா சிரித்தேவிட்டான். "செருப்பை மாத்திப் போட்டுக்கினு நடக்கறா மாரியா பாபி?"

கோவிந்தன் சிரிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். பிறகு ஜாக்கியை எடுத்து வந்தார். "ஏறும்போது உயிரை வாங்கும் பாயம்மா."

"வாங்கட்டும். இறங்கும்போது குடுத்துடும். நானும் வர்றேன்."

கோவிந்தனின் மனைவி குப்பம்மா அதுவரை வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "தலைகீழா டயரு மாட்டி, ஊட்டுக்காரம்மாவ ஏத்திக்கினு போறியா நீ? அப்ப நானும் வர்றேன். செத்தா மூணு பேரும் ஒண்ணாப் போவோம், இந்தாளு தனியாப் போய் ஜாலியா இருக்க வேணாம்."

முன் இருக்கையில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். கோவிந்தன், நடுவில் குப்பம்மா, ஓரத்தில் துப்பட்டியை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு கனீஸ் ஃபாத்திமா. புறப்படும்போது சைபுல்லா வாசலில் நின்றார். லாரியின் பின்சக்கரத்தை மட்டும் பார்த்தார். அவர் புருவம் சுருங்கியதை அவள் கண்டாள். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

ஏற்றம் கோவிந்தன் சொன்னபடியே உயிரை வாங்கியது. பாரத்துக்காகப் பின்னால் கற்கள் ஏற்றியிருந்தும் வளைவுக்கு வளைவு சக்கரம் சுற்றிச் சேற்றை வாரி இறைத்தது. குப்பம்மா ஒவ்வொரு முறையும் குதித்து, கல் அண்டக்கொடுத்து, புருஷனைத் திட்டி, மறுபடி ஏறினாள். "நான் வரலன்னா இந்நேரம் நீ ஆலங்காயத்துலயே கெடந்திருப்ப." அவள் சேலை இடுப்புவரை செம்மண்ணாயிற்று. கனீஸும் இறங்கித் தள்ளினாள். துப்பட்டி எப்போது நழுவியதென்று அவளுக்குத் தெரியாது. எடுத்து மடித்து ஸீட்டுக்கடியில் செருகினாள்.

மேலே கற்களை இறக்கிப்போட்டார்கள். மலைக்காரர்கள் மூட்டைகளை ஏற்றினார்கள். அடிமூட்டைகள் சில நமுத்திருந்தன, மற்றவை தப்பியிருந்தன. ஒன்றைப் பிரித்து ஒரு கடுக்காயை எடுத்துக் கடித்தாள். துவர்ப்பு நாக்கைச் சுருட்டியது. நல்ல காய்.

இறங்கத் தொடங்கியபோது மழை வலுத்தது. கோவிந்தன் காத்திருக்கலாம் என்பது போல அவளைப் பார்த்தார். எந்த மழைக்காக வாங்கிய டயரோ அந்த மழை இதுதான். போகலாம் என்று அவள் தலையை அசைத்தாள்.

முதல் வளைவில் வண்டி சுமையோடு மூக்கைத் தாழ்த்தியது. கோவிந்தன் பிரேக்கில் காலை வைத்தார். பின்னால் ஏதோ நறநறவென்றது, பெரிய மிருகம் எலும்பு கடிப்பது போல. வண்டி வேகம் குறைந்து, சொன்ன இடத்தில் திரும்பியது. அடுத்த வளைவில் கோவிந்தன் வேண்டுமென்றே கொஞ்சம் முன்னதாகவே அழுத்தினார். நறநற. நின்றது. சும்மா, நடுச்சரிவில், மழையில், முழுச்சுமையோடு நின்றது.

"இன்னாத்துக்கு நிறுத்தின?" என்றாள் குப்பம்மா.

"நிக்குதான்னு பாத்தேன்" என்றார் கோவிந்தன்.

புளியமரத்து வளைவு வந்தது. மரத்தின் அடியில் பட்டை உரிந்த வடு இன்னும் ஆறவில்லை. கனீஸ் கண்ணை மூடிக்கொள்ளப்போகிறோம் என்று நினைத்தாள், மூடவில்லை. சிவப்புத் தண்ணீர் ரோட்டைக் குறுக்கே அறுத்து ஓடியது. முன்சக்கரம் தண்ணீரில் இறங்கியதும் வண்டியின் பின்பக்கம் ஒரு விநாடி யோசித்தது. அதை அவள் உட்கார்ந்த இடத்தில் உணர்ந்தாள், கிணற்றுப் படியில் கால் போன அதே உணர்வு. தன்னை அறியாமல் இரண்டு குதிகால்களையும் தகரத் தரையில் ஊன்றினாள். அவளோடு சேர்ந்து சக்கரங்களும் ஊன்றின. வண்டி நிமிர்ந்தது. புளியமரம் அவள் ஜன்னலோரமாக, கை எட்டும் தூரத்தில் நகர்ந்து, பின்னால் போயிற்று.

அப்போது அவளிடமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. சிரிப்பா கூச்சலா என்று சொல்ல முடியாது. குப்பம்மா அதைப் பிடித்துக்கொண்டு குலவையே போட்டாள். கோவிந்தன் ஹாரனை அமுக்கினார். ஆளில்லாத காட்டில், மழையில், மூன்று பேரும் கத்திக்கொண்டே கீழே வந்தார்கள்.

ஆலங்காயம் தெருவுக்குள் லாரி நுழைந்தபோது மழை விட்டு வெளிச்சம் வந்திருந்தது. ஹனீஃபா ஓடிவந்து மூட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு குனிந்து டயரைப் பார்த்தான். "போளூராளுக்கு வேற வண்டி பாத்துக்கச் சொல்லிடறேன் பாபி" என்று டயரிடமே சொன்னான்.

சைபுல்லா கட்டையை ஊன்றித் தெருவில் இறங்கினார். வண்டியிடம் வரவில்லை. வண்டி வந்த வழியில், ஈரச் செம்மண்ணில் ஆழமாகப் பதிந்து கிடந்த இரட்டைத் தடத்தின் பக்கத்தில் நின்றார். வண்டித் தடம் படித்துப் பழகிய கண். கொஞ்சநேரம் குனிந்து பார்த்தார்.

"இது இறங்கி வந்த தடமா?" என்றார். "பாத்தா ஏறிப்போன தடம் மாரியே கீதே."

கனீஸ் ஃபாத்திமா ஸீட்டுக்கடியிலிருந்து துப்பட்டியை எடுத்தபடி அவரைப் பார்த்தாள். அவர் தலையைத் தூக்கவில்லை. மீன்முள் தடம் தெருக்கோடி தாண்டி, ஏரிக்கரை தாண்டி, மலைப்பக்கம் போயிற்று. கட்டையை ஒரு பள்ளத்தில் ஊன்றினார், பிறகு அடுத்த பள்ளத்தில். தடத்தில் தேங்கிய தண்ணீரில் மலை துண்டு துண்டாகக் கிடந்தது. அதைக் கலைக்காமல், பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைத்து, அவர் அந்தப் பக்கமாக நடந்துகொண்டிருந்தார்.