பெண் பார்க்க ஐந்து பேர்

அந்த ஊரில் ஒருவர் கண்ணுக்கு ஒன்றுதான் தெரியும். வசுமதிக்குச் சாய்ந்த கோடுகள், அப்பாவுக்குச் செங்குத்துக் கோடுகள், அம்மாவுக்குப் படுக்கைக் கோடுகள். ஜன்னலை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் அப்பாவும் அம்மாவும் சண்டை போடாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த வீட்டில் ஜன்னலைப் பார்த்து வருஷக்கணக்காகிறது.

அதனால் பெண் பார்க்கக் கூட்டமாகத்தான் வருவார்கள். ஆளுக்கொன்றைப் பார்த்துவிட்டு, மூலையில் கூடிக் குசுகுசுவென்று சேர்த்துக்கொள்வார்கள். வசுமதிக்கு வயது முப்பத்தொன்று, இதுவரை பதினோரு கூட்டம். ஒரு தடவை வளைவு பார்க்கும் அத்தைக்குக் காய்ச்சல். பெண்ணுக்கு முகமே இல்லை என்று போய்விட்டார்கள். இன்னொரு தடவை நிறம் பார்க்கும் மாமா மட்டும் வந்து, மஞ்சள் நன்றாக இருக்கிறது என்றார். புடவையா பஜ்ஜியா என்று யாரும் கேட்கவில்லை. தன்னை யாராவது முழுசாகப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால்கூடப் போதும் என்றிருந்தது அவளுக்கு.

பன்னிரண்டாவது கூட்டத்தில் மூன்று கோடு, வளைவு, நிறம் என்று ஐந்துக்கும் ஆள் இருந்தது. மாப்பிள்ளை சிவகுருநாதனுக்கு அசைவது மட்டும் தெரியும். வசுமதியோ, அம்மா சொல்லியிருந்தபடி, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஐந்து பேரும் மூலைக்குப் போய்த் திரும்பினார்கள்.

"எங்களுக்குத் திருப்தி. தம்பி ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றார் அவன் பெரியப்பா.

"பொண்ணு இன்னும் வரலையே" என்றான் சிவகுருநாதன்.

கையை ஆட்டினால் போதும். பதினோரு கூட்டத்தின் அலுப்பு அவள் கையைத் தூக்க விடவில்லை. கொட்டாவிதான் வந்தது, நல்ல நீளமாக.

சிவகுருநாதன் முன்னால் சாய்ந்தான். அப்போதுதான் அவன் வசுமதிக்குத் தெரிந்தான். அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

"இதைப் பிடிச்சிருக்கு" என்றான்.

"அது கொட்டாவி, தம்பி."

"அதைத்தான் சொல்றேன்."

பெரியவர்கள் பேசி முடித்தார்கள். தை மாதம் முகூர்த்தம். பத்திரிகையில் மணமகள் பெயர் 'செல்வி கொட்டாவி' என்றே அச்சானது. வழியனுப்பும்போது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போற இடத்துல வாயை மூடிக்கிட்டு இரு" என்று புத்தி சொன்னாள். கொட்டாவி சரி என்றது.

மாசியில் வசுமதியைப் பார்க்கப் பதின்மூன்றாவது கூட்டம் வந்தது.

"பெரியவ இருக்கறப்ப சின்னவளுக்கு எப்படி முதல்ல முடிச்சீங்க?" என்று கேட்டார்கள்.

"மாப்பிள்ளை கண்ணுக்கு அவதான் தெரிஞ்சா" என்றாள் அம்மா.