ஈரச்சாக்கு

எழுபத்தெட்டில், விடியும் முன்பே வடகரப்பதி ஷெட்டில் கடலை வறுபடும் வாசம் ஊரைத் தூக்கும். எங்கள் வாயிலோ இரும்புச் சுவை. கருந்தூளை அள்ளி, சின்னக் காகிதப் பையில் கட்டி, கடலை டின்னுக்குள் போடுவது எங்கள் வேலை. டின்னுக்குள் இருக்கும் பிராணவாயுவை அந்தத் தூள் குடித்துவிடுமாம். கடலை மாசக்கணக்கில் சிக்கு வாடை அடிக்காதாம். தூள் என்னவென்று கேட்டால் முதலாளி ஈஸ்வரமூர்த்தி, "சப்பான் சரக்கு, உனக்கெதுக்கு?" என்பார். மூட்டையைப் பிரித்தால் சீக்கிரம் கட்டி முடிக்கணும், காற்றில் கிடந்தால் வீண். அவ்வளவுதான் சொன்னார்.

மீந்த தூளைத் தொட்டியில் கொட்டி, காற்றுப் படாமல் ஈரச்சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போவோம். வெற்றிலையோ கீரையோ, கெடக்கூடாத எதையும் அப்படித்தானே மூடுவோம்? காலையில் சாக்கு வெதுவெதுப்பாக இருக்கும். மார்கழியில் அதில் கைவைத்துக் குளிர் காய்ந்திருக்கிறோம், போங்கள்!

ஒருநாள் காலையில், முந்தினநாள் தூள் தொட்டி நிறைய மீந்திருந்தது. ஒருபக்கம் நாங்கள் புது மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். எங்களோடு தூள் கட்டும் மயிலாத்தாள் சாக்கை விலக்கி, தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டாள். அலறிய அலறலில் வறுசட்டிக்காரர்கள் ஓடிவந்தார்கள். கையெல்லாம் கொப்புளம்.

சத்தம் கேட்டு வந்த ஈஸ்வரமூர்த்தி அவள் கையைப் பார்க்கவில்லை. துருவேறி இறுகிய தூளைத்தான் பார்த்தார்.

"ஈரம் பட்டாக் கொதிக்கும்னு தெரியாது? ஆரு மூடுனது?"

"உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்றேன். "தெரிஞ்சும் ஏனுங்க சொல்லல?"

"வாயை மூடு காளியாத்தா. மூடுனவ நாளைக்கு வரவேண்டாம். மயிலாத்தாளா?"

வலியில் பல்லைக் கடித்தபடி அவள் தலையாட்டப் போனாள். புருஷன் போய்ச்சேர்ந்து, மூன்று பிள்ளைகளோடு நிற்கிறவள். நான் முந்திக்கொண்டேன்.

"நான் மூடுனனுங்க."

"நானுந்தானுங்க," என்றாள் கமலாத்தாள்.

வறுசட்டி ஆறுச்சாமி கரண்டியைக் கீழே வைத்தான். "சாக்கை நனைச்சுக் குடுத்தவன் நானுங்க."

"காரை எடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகோணும்," என்றேன். "கை ஆறுனதும் அவ எடத்துல அவதான். சரின்னு சொல்லுங்க, அப்பறந்தான் தூளைத் தொடுவோம்."

"பக்கத்துக் கோபாலபுரத்துல வேலைக்கு ஆளே இல்லயா?"

"வரட்டுங்க. இது என்ன பண்ணும்னு அவங்களுக்கும் சொல்றோம்."

மயிலாத்தாளைத் தாங்கிப்போய் அவருடைய அம்பாசடரில் உட்காரவைத்தோம். ஆறுச்சாமி அடுப்பை அணைத்துவிட்டு வந்தான். ஷெட்டு காலி. பிரித்த மூட்டை மட்டும் வாயைத் திறந்தபடி உள்ளே கிடந்தது.

காற்றுப் பட்டு வீணாகிறதோ என்று அவர் அதன்மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்தார். கார் சாவி இன்னும் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. அது வெளியே வரும்வரை நகர்வதில்லை என்று நாங்கள் காரைச் சுற்றி நின்றோம். ஜன்னல் வழியே மயிலாத்தாளின் நல்ல கை என் கையைப் பிடித்தது.