பெல்தியானு வீட்டுச் சிங்கக் கேட்

செயின்ட் ஜார்ஜ் பண்டிகையன்று காலை காவல் சாவடியைத் திறந்த போலீஸ்காரர் நிக்கிஃபோர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் வினை வாசலில் வந்து நின்றது. கோட்டு, டை, கக்கத்தில் தண்டனைச் சட்டப் புத்தகம். வக்கீல் ஒக்தாவியன் பெல்தியானு.

"என் கேட்டைக் காணோம்."

"காணாமப் போகல ஐயா. பஸ் ஸ்டாப் கூரை மேல இருக்கு. வர்ற வழியில பாத்தேன்."

அந்த ஊரில் பண்டிகைக்கு முந்தின இரவு, கல்யாண வயதில் பெண் இருக்கிற வீட்டுக் கேட்டை வாலிபர்கள் கழற்றிக்கொண்டு போவார்கள். விடிந்ததும் வீட்டுக்காரர் பாலிங்கா சாராயம் ஊற்றி மீட்டுக்கொள்வார். கேட் போகாத வீட்டுப் பெண் ஒரு வாரத்துக்கு வெளியே தலைகாட்ட மாட்டாள். க்ளுஜ் நகரத்திலிருந்து வந்து மாடிமேல் மாடியாக வீடு எழுப்பிய பெல்தியானுவுக்கு இதெல்லாம் காட்டுமிராண்டித்தனம். அவருடைய கேட்டில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள், நடுவில் அவர் பெயரின் முதலெழுத்துகள், திறந்து மூட ஒரு மோட்டார். ஒரு சிங்கத்துக்குப் பூனை முகம் என்பது ஊரார் கட்சி.

நிக்கிஃபோரின் கவலை கேட்டைப் பற்றியதல்ல. கழற்றியவர்களில் ஒருவன் அவருடைய அக்கா மகன் சில்வேஸ்த்ரு. தீயணைப்புப் படைக்குத் தேர்வாகி, அடுத்த மாதம் போய்ச் சேரவேண்டியவன். வக்கீல் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தால் பதியாமல் இருக்க முடியாது. பதிந்தால் அந்த வேலை போச்சு.

பெல்தியானு உட்காரவில்லை. நீதிபதி எதிரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு நடந்தார்.

"முதல்ல இது திருட்டு. சொந்தக்காரன் சம்மதம் இல்லாம அவன் பொருளை எடுக்கிறது. புரியுதா?"

"புரியுதுங்க."

"ராத்திரியில, கூட்டமா, கீலை ஒடைச்சு. அப்ப சாதாரணத் திருட்டு இல்ல. தண்டனை கூடும்."

"கீல் ஒடையலையே. ஸ்பேனர் போட்டுக் கழட்டி, நட்டையெல்லாம் ஒரு தயிர் டப்பாவுல போட்டு உங்க வாசப்படியில வச்சிருக்காங்களாம்."

"பாத்தீங்களா, திட்டம் போட்டுப் பண்ணியிருக்கானுங்க." வக்கீலுக்கு உற்சாகம் கூடியது. "ஒரு சிங்கத்துக்குக் காது வளைஞ்சிருக்கு. அது சேதப்படுத்தின குற்றம், தனி. பஸ் ஸ்டாப் ஊராட்சியோடது. திருட்டுப் பொருளை வச்சிருக்கிறதுக்கு மேயர் மேலயும் ஒண்ணு போடலாம்."

"பஸ் ஸ்டாப்பு மேயரைக் கேட்டா ஐயா வாங்கிக்கிச்சு?"

"அதோட நான் ஜன்னல்ல இருந்து கத்தினேன். அவனுங்க கையை ஆட்டினானுங்க. மிரட்டல். எடுக்கிறப்ப அடியோ மிரட்டலோ சேந்துட்டா அது திருட்டு இல்லய்யா, கொள்ளை."

"டாட்டா காட்டியிருப்பாங்க."

"கொள்ளைன்னு எழுதுங்க."

காலையில் தீயணைப்பு வீரனாக எழுந்த மருமகன், மாமாவின் தொப்பி ஆணிக்குப் போவதற்குள் கொள்ளைக்காரனாகிவிட்டான். மத்தியானத்துக்குள் கேட்டைத் திரும்ப மாட்டச் சொல்கிறேன், மனசு வையுங்கள் என்று நிக்கிஃபோர் கெஞ்சிப் பார்த்தார்.

"அக்கா மகன்னதும் சட்டம் கசக்குதோ?" என்றார் வக்கீல்.

வேறு வழியில்லாமல் நிக்கிஃபோர் பேனாவை எடுத்தார். "சொந்தக்காரர் பேரு?"

நடை நின்றது.

ஒரு கட்சிக்காரர் பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டபோது, ஜப்திக்குத் தப்ப, வீட்டைச் சாமான்களோடு மகள் ஸ்மாராந்தா பேருக்கு மாற்றி, அங்கே ஓர் ஆணிகூடத் தன்னுடையதில்லை என்று சத்தியம் செய்தவர் பெல்தியானு. அந்தச் சாமர்த்தியத்தை மதுக்கடையில் ஊருக்கே விளக்கியவரும் அவர்தான்.

"நான்தானே அங்க குடியிருக்கேன்?"

"குடியிருக்கிறவர் பேரு கீழ வரும் ஐயா. இது சொந்தக்காரர்."

தன் பெயரைச் சொன்னால் கோர்ட்டில் செய்த சத்தியம் பொய். அதற்கும் புத்தகத்தில் பிரிவு உண்டு. அதை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"மக பேரைப் போடுங்க" என்றார் கடைசியில்.

"அப்ப அவங்க கையெழுத்துதான் வேணும்."

ஆள் அனுப்பத் தேவைப்படவில்லை. ஸ்மாராந்தாவே புது ஸ்கார்ஃபும் உதட்டுச்சாயமுமாக, தெரு முழுக்கப் பார்க்கட்டும் என்று நிதானமாக நடந்து வந்தாள்.

"நிக்கிஃபோர் மாமா, எங்க கேட்டைத் தூக்கிட்டாங்களாமே?" முகமெல்லாம் சிரிப்பு.

"உன் சம்மதம் இல்லாம எடுத்தாங்களாம்மா?"

"சம்மதமா? போன வருஷம் பக்கத்து வீட்டு ஓட்டை மரக் கேட்டைத் தூக்கிட்டு எங்களை விட்டுட்டானுங்க. மோட்டாரைப் பாத்து பயமாம். அதான் நேத்து நானே வயரைக் கழட்டி வச்சேன். ஸ்பேனரும் நான் குடுத்ததுதான்."

"அது என்…" என்று ஆரம்பித்த வக்கீல், எழுதக் காத்திருந்த பேனாவைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"சொல்லுங்கப்பா, யாரோட கேட்டு?"

வக்கீல் டையைச் சரிசெய்துகொண்டார். நிக்கிஃபோர் வெற்றுத் தாளை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

"சரி, பசங்க காத்திருக்காங்க. நிலவறையில இருக்கிற பாலிங்கா பீப்பாயைத் தர்றேன்னு சொல்லிட்டேன்" என்றாள் ஸ்மாராந்தா.

"பன்னெண்டு வருஷச் சரக்குடி அது" என்றார் வக்கீல். யாருடைய சரக்கு என்பதை அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பஸ் ஸ்டாப்பில் கேட்டை இறக்க ஓர் ஆள் குறைந்தது. கூரைமேல் நின்ற சில்வேஸ்த்ரு மரியாதையாகக் குனிந்தான். "ஐயா, நீங்க அந்தப் பூனைப் பக்கம் பிடிங்க. கனம் கம்மி."

பெல்தியானு புத்தகத்தை பெஞ்சில் வைத்துவிட்டுக் கையைக் கொடுத்தார்.