தகரக்கோட்டை

எண்ணூர் முகத்துவாரத்துக் குடிசைகளை இடிப்பதற்கு முன்பே பக்கத்துத் திடலைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் தகரம் அடித்து, வாசலில் போலீசை நிறுத்திவிட்டார்கள். தண்ணீர்க் குழாய் கேட்டு மனு மனுவாகக் கொடுத்தபோது எங்கே போயிருந்ததோ இந்த வேகம்! பேப்பரில் அதற்குப் பெயர் தற்காலிக முகாம். உள்ளே அடைபட்ட சனம் வைத்த பெயர் தகரக்கோட்டை. ஊருக்கு வெளியே இருக்கும் அடுக்குமாடிக்கு ஏற்றிப்போக பஸ் வரும்வரை யாரும் வெளியே கால் வைக்கக் கூடாது.

ராஜாத்தியின் புருஷன் ஜெயவேல் செத்துப் பதினாறாம் நாள் காரியம்கூட ஆகவில்லை. அதுவரை உயிர் தாகத்தோடு வீட்டுக்கு வந்துபோகும் என்று, அவன் கண்மூடிய மூலையில் விளக்கேற்றிச் செம்பில் தண்ணீர் வைத்திருந்தாள். உயிரோடிருந்த காலத்திலும் மணலியில் டேங்கர் லாரி கழுவிவிட்டு வந்தால், சட்டையைக் கழற்றுமுன் அவன் கேட்பது தண்ணீர்தான். புல்டோசர் வந்தபோது துணிமூட்டையை விட்டுவிட்டு விளக்கையும் செம்பையும்தான் தூக்கிக்கொண்டு வந்தாள்.

தகரத்துக்குள்ளும் விளக்கு எரிந்தது. ஆனால் ஜெயவேலுக்கு இந்த இடம் தெரியாதே! அந்த நினைப்பு அவளைப் பிடுங்கித் தின்றது.

வாசலில் நின்ற பெண் போலீஸ் செங்கொடியிடம் போய்க் கெஞ்சினாள்.

"ஒரே ஒரு தபா வுடும்மா. எங்க வூட்டுக்காரரு தண்ணிக்கு வந்துகினு இருப்பாரு."

"வுட்டா என் வேலை பூடும்க்கா."

"அப்ப நீயாவது இத்த வச்சிட்டு வாம்மா. வாசல்ல முருங்கை கீது. உள்ள, கட்டில் போட்ட மூலை."

செங்கொடி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் செம்பை வாங்கிக்கொண்டு போனாள். வெறுங்கையோடு திரும்பினாள்.

"வச்சிட்டேன்க்கா. முருங்கையாண்டதான்," என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

ராஜாத்தி அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் பஸ் வந்தது. சண்டை போட்டு சன்னலோரம் பிடித்தாள். சனம் ஏறி முடிக்குமுன்பே பின்னால் தகரத்தைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். வேலை முடிந்ததல்லவா, இனிக் கோட்டை எதற்கு?

பஸ் அவர்கள் இருந்த இடத்தைத் தாண்டித்தான் போனது. முருங்கை இல்லை. சுவர் இல்லை, தெரு இல்லை. உருட்டிச் சமப்படுத்திய மண் ஆறுவரைக்கும் கிடந்தது. நடுவில் எங்கேயோ ஓரிடத்தில் செம்பு தனியாக நின்றிருந்தது. அது தன் வீடா, எதிர்வீடா, கோயிலடியா? ராஜாத்தி எட்டி எட்டிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் புழங்கிய வாசல், பிடிபடவில்லை.

"எனக்கே தெர்லியேம்மா," என்று பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "அவுருக்கு எப்டித் தெரியும்?"