ஒரு பாய்லர், இரண்டு பெட்டி

பியோ தொக்பே முப்பத்தோரு வருஷம் சிமென்ட் ஆலையில் சூளையைக் கட்டி மேய்த்தவர். ஆயிரத்து நானூறு டிகிரி நெருப்பை ஒற்றை விரலால் ஏற்றி இறக்கியவர் என்று கொரியாவின் மேபோ ஊரில் இன்றைக்கும் பேச்சு உண்டு. பெரும்பாலும் அவரே பேசுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் எழுபத்து மூன்று வயதில், ஜனவரி மாதத்து மைனஸ் பதினேழு குளிரில், சொந்த வீட்டுத் தரையில் கால் வைக்க முடியாமல் அரைக்கால் சட்டையோடு பால்கனியில் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் மனைவி மல்சூன், ஐஸ் மிதக்கும் குழம்பில் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, சோயா முளை கட்டுறதுக்கு சட்டியில போட்டேன்ல? காலையில பாத்தா சட்டியை விட்டு வெளிய எட்டிப் பாக்குது. ஒரே ராத்திரில!"

"பாக்கட்டும். அதுக்காவது சந்தோஷம்."

இந்தக் கூத்து, தரைக்கடியில் வெந்நீரை ஓட்டி வீட்டைச் சூடாக்கும் பழைய பாய்லர் உயிரை விட்ட அன்று ஆரம்பித்தது. மல்சூன் மகளுக்குப் போன் போட்டு அழுதாள். பிறகு மகனுக்குப் போன் போட்டு, அதே அழுகையை முதலிலிருந்து அழுதாள். தனித்தனியாகத்தான் அழ வேண்டும். அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டு மூன்று வருஷமாகிறது.

காரணம் கேட்டால் சிரிப்பு வரும். மல்சூனின் எழுபதாம் பிறந்தநாளுக்கு இரண்டு பேரும் ஆளுக்கொரு கேக் வாங்கி வந்துவிட்டார்கள். மல்சூன் எது கைக்கு எட்டியதோ அதை முதலில் ஊதி அணைத்தாள். அது மகன் கியூசிக் வாங்கிய கேக். "உங்களுக்கு எப்பவும் அவன்தானே முதல்ல" என்று மகள் ஹேரான் பூசானுக்கு ரயிலேறினாள். கியூசிக்கும் இஞ்சோனுக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து ஒருவர் வரும் பண்டிகைக்கு இன்னொருவர் வருவதில்லை. தொக்பேக்கு இந்த வயதில் வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை. கண்ணை மூடுவதற்குள் இந்த இரண்டும் பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பெற்றவர்களின் காலடித் தரை சூடாக இருந்தால்தான் பிள்ளைகளுக்கு ஊரில் மரியாதை. அதனால் அன்று சாயங்காலமே ஹேரான் புது பாய்லர் ஒன்றை ஆர்டர் செய்தாள். சுவரில் மாட்டும் கன்ட்ரோல் பெட்டியும் அதோடு வந்தது. பூசானில் இருந்தபடியே போனில் அதை இயக்கலாம். கியூசிக் சும்மா இருப்பானா? வேறு கம்பெனியின் கன்ட்ரோல் பெட்டி ஒன்றை அனுப்பினான். இஞ்சோனில் இருந்தபடியே போனில் அதையும் இயக்கலாம்.

பொருத்த வந்த மெக்கானிக் கூக் இரண்டு பெட்டியையும் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"ஐயா, இது நடக்காத காரியம். ஒரு கம்பெனி பாய்லர் இன்னொரு கம்பெனி பெட்டி பேச்சைக் கேக்காது. பக்கத்து வீட்டு மாமியார் அதட்டுனா உங்க மருமக கேப்பாங்களா?"

"நான் அதட்டுனாலே கேக்க மாட்டா" என்றாள் மல்சூன்.

"அப்ப ஒண்ணை மாட்டிட்டு இன்னொண்ணைத் திருப்பி அனுப்பிருங்க. எதை மாட்டட்டும்?"

கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கேக் விஷயம் ஒரு தடவை போதாதா?

"தம்பி, ரெண்டையும் மாட்ட ஒரு வழி பாருப்பா" என்றார் தொக்பே.

கூக் யோசித்தான். "நடுவுல ஒரு சின்ன இணைப்புப் பெட்டி வெக்கலாம். ரெண்டுல எது கேட்டாலும் பாய்லர் எரியும். ரெண்டும் வேண்டாம்னாத்தான் நிக்கும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

அன்று அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

முதல் நாள் மகன் இருபத்தைந்து வைத்தான். மகள் இருபத்தேழு வைத்தாள். மகன் இருபத்தொன்பது. வாரக் கடைசியில் வீடு முப்பத்து மூன்றில் நின்றது. சுவரில் இருக்கும் பொத்தான்களை அழுத்தினால் வேலை செய்யவில்லை. அப்பா தெரியாமல் எதையாவது அமுக்கிவிடுவார் என்று இரண்டு பேரும் அங்கிருந்தே பூட்டுப் போட்டிருந்தார்கள். தொக்பே பாய்லரின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார். இரண்டு ஊரிலும் போன் அலறி, பெற்றோருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இரண்டு பேரும் அவசர உதவிக்குச் சொல்ல, இரண்டு வண்டி வந்து வாசலில் நின்றது. வந்த நான்கு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சூடு தாங்காமல் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்துக்கொண்டே நாடி பார்த்தார்கள். தொக்பேக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சொல்லியும் பார்த்தார்.

"ஹேரான், ஒரு நாலு டிகிரி கொறைச்சுக்கோம்மா."

"அவனைக் கொறைக்கச் சொல்லுங்கப்பா முதல்ல. நான் எதுக்குக் கொறைக்கணும்? நாளைக்கு வீடு சூடா இருக்கிறது அவனாலதான்னு ஆயிடும்."

மகனிடமும் கேட்டார்.

"அவ கொறைச்சா நானும் கொறைக்கிறேன்."

"அதை அவகிட்டயே சொல்லேண்டா."

"அவ நம்பரே என்கிட்ட இல்ல."

வீட்டுத் தரையின் சூட்டை இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து தெரிந்துகொள்கிறான், கூடப்பிறந்தவளின் போன் நம்பர் தெரியவில்லை. தொக்பேக்கு வந்த கோபத்தில் போனைத் தரையில் போட்டார். பிறகு அது உருகிவிடுமோ என்று பயந்து எடுத்துக்கொண்டார்.

பால்கனியில் அந்த நூடுல்ஸ் தீரும் நேரத்தில்தான் அவருக்குச் சூளை நினைவு வந்தது. ஆலையில் சூளையைப் பற்றவைக்க இரண்டு அறைகளில் இரண்டு பேர் ஒரே நிமிஷத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். ஒருவர் மட்டும் அழுத்தினால் ஒரு பொறிகூட வராது. அவரும் பேக் என்கிற மேஸ்திரியும் பரம விரோதிகள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் போனை எடுத்து, "தயாரா?" என்று கேட்டே தீர வேண்டியிருந்தது.

கூக் மறுபடியும் வந்தான். கேட்டதும் வாயைப் பிளந்தான்.

"ரெண்டு பேரும் ஒரே நிமிஷத்துக்குள்ள அமுக்கினாத்தான் எரியணுமா?"

"ஆமா. மூணு மணி நேரம் எரிஞ்சிட்டுத் தானா நின்னுடணும். மறுபடியும் ரெண்டு பேரும் சேந்து அமுக்கணும்."

"ஐயா, இது குளிர்காலம்."

"குளிர்காலம்தாம்பா வேணும்."

"குழாய் உறைஞ்சிடாதா?" என்று மல்சூன் கேட்டாள்.

"அதை பாய்லரே பாத்துக்கும்மா. உங்களை அது பாத்துக்காது" என்று சொல்லிவிட்டு, இணைப்புப் பெட்டியில் ஒரு டைமரைச் சேர்த்து மாட்டிவிட்டுப் போனான்.

பாய்லர் நின்றது. முதல் நாள் சுகமாக இருந்தது. இரண்டாம் நாள் கம்பளி எடுத்தார்கள். மூன்றாம் நாள் இருக்கிற கம்பளியெல்லாம் எடுத்து, கையுறை போட்டுக்கொண்டு சோறு தின்றார்கள். மல்சூன் வாயில் வராத வசவில்லை.

"உங்க சூளையில உங்களையே போட்டிருக்கணும்!"

"போட்டிருந்தா இப்ப கதகதன்னு இருந்திருப்பேன்."

போன் ஓயாமல் அடித்தது.

"அப்பா, வீடு பதினோரு டிகிரின்னு காட்டுது! நான் அமுக்கிட்டேதான் இருக்கேன்!"

"நீ மட்டும் அமுக்கினா எரியாதுடா. உன் தங்கச்சியும் அதே நிமிஷத்துல அமுக்கணும்."

"அப்ப அவகிட்டச் சொல்லுங்க."

"மாட்டேன்."

"அப்பா, அம்மாவுக்கு மூட்டு வலி வரும்!"

"வந்துடுச்சு" என்று மல்சூன் பக்கத்தில் இருந்து கத்தினாள்.

மகளும் அதையே கேட்டாள். அவளுக்கும் அதே பதில். கூக் போன் போட்டு, இரண்டு பேரும் தன்னைத் தனித்தனியாகத் திட்டியதாகச் சொன்னான். "அசையாதே" என்றார் தொக்பே.

உள்ளுக்குள் அவருக்கு நடுக்கம்தான், குளிரால் மட்டும் அல்ல. பேசவே மாட்டார்கள் என்றால்? தான் ஆடிய சூதாட்டத்தில் பிள்ளைகளின் பிடிவாதம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு எந்த முகத்தோடு உயிரோடு இருப்பது? ஆனால் அதை மனைவியிடம் சொல்லவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் வீடு ஏழு டிகிரிக்கு வந்தபோது மகன் கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது.

"அவ நம்பர் குடுங்கப்பா."

தொக்பே ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். போனை வைத்துவிட்டு இரண்டு பேரும் தரையில் படுத்து, பாய்லர் இருக்கும் பால்கனிப் பக்கம் காதை வைத்தார்கள். பத்து நிமிஷம் போனது. இருபது ஆயிற்று.

"திட்டிக்கிறாங்க போல" என்றாள் மல்சூன்.

"திட்டிக்கட்டும். அதுக்கும் பேசித்தானே ஆகணும்."

நாற்பதாவது நிமிஷத்தில் 'டுப்' என்று பாய்லர் பற்றியது. மல்சூன் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தரைக்கடியில் வெந்நீர் ஓடத் தொடங்கியது. முதுகுக்குக் கீழே இளஞ்சூடு பரவியபோது தொக்பேக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதார்.

மூன்று மணி நேரம் கழித்து பாய்லர் நின்றது. வீடு இருபத்து மூன்று டிகிரியில் இதமாக இருந்தது.

"இனி எதுக்குக் கூப்பிட்டுக்கப் போறாங்க? வீடுதான் சூடாயிடுச்சே" என்றாள் மல்சூன்.

தொக்பே நிமிர்ந்து பார்த்தார். சுவரில் இரண்டு பெட்டியிலும் இருபத்து மூன்று என்று பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. இதே எண் இஞ்சோனிலும் பூசானிலும் தெரியும். கவலையில்லை என்று இரண்டு பேரும் போனைப் பைக்குள் போட்டுவிடுவார்கள். அப்புறம் பேசுவது நாளைக்கோ, நாளை மறுநாளோ.

மல்சூன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நேராகப் போய் கூடத்து ஜன்னலை விரியத் திறந்தாள். மைனஸ் பதினேழு டிகிரி காற்று வீட்டுக்குள் பாய்ந்தது.

"என்ன பாத்துக்கிட்டிருக்கீங்க? அந்தப் பக்கத்து ஜன்னலை நீங்க திறங்க!"

தொக்பே கையுறையைத் தேடி மாட்டிக்கொண்டு ஓடினார்.