மூலையக்கா

“அப்ப செவுத்துல ஒரு நியூஸ்பேப்பர ஒட்டி அத எடுங்க.”

“நியூஸ்பேப்பருக்கு இமை இருக்கா, முடி இருக்கா?”

“காசு குடுத்தா நிக்க ஆளா இல்ல? இருமக்கூட மாட்டாங்க.”

“ஆள் மாறினா ஒப்பிடவே முடியாதும்மா. பழைய ஃபிலிம்ல இருக்கறது நீ. புது கேமராலயும் நீதான் நிக்கணும். அரை மணி நேரம். வந்துட்டுப் போயிடு.”

“வந்துட்டுப் போறதுக்கா உங்களக் கட்டிக்கிட்டேன்?” என்று கேட்டுவிட்டு அவன் மனைவி போனை வைத்தாள்.

அவள் தன் தங்கை வீட்டுக்குப் போய் நான்கு மாதமாகிறது. கேமராக்களைச் சோதித்து எழுதுவது அவன் தொழில். ஃபிலிம் நுணுக்கமா, டிஜிட்டல் நுணுக்கமா என்று புகைப்படக்காரர்கள் அவன் இணையப் பக்கத்தில் வந்துதான் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். நடுவில் எந்த லென்ஸும் நன்றாகவே காட்டும், அதன் வண்டவாளம் படத்தின் ஓரத்தில்தான் தெரியும் என்பதால், ஒவ்வொரு சோதனையிலும் மனைவியை மூலையில் நிறுத்தினான். படிக்கிறவர்கள் அவளுக்கு மூலையக்கா என்று பெயர் வைத்தார்கள். முதலில் அவளும் சிரித்தாள். பிறகு ஒருநாள் பேருந்தில் யாரோ ஒருவன், “நீங்க மூலையக்காதானே?” என்று கேட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று இவனுக்கு நினைவில்லை. “ஃபிலிம் கோஷ்டியா, டிஜிட்டல் கோஷ்டியா?” என்று தான் ஆவலாகக் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

ஞாயிறு மதியம். பக்கத்து வீட்டில் நாற்காலிகளை இழுத்துப் போட்டு எல்லாரும் சாப்பிட உட்காரும் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. இவன் சமையல் மேடையருகே நின்றபடியே ரொட்டியைத் தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தான். புதிய கட்டுரைக்காகப் பழைய படங்களைத் திறந்தான். மொட்டை மாடியில், விடிந்த கையோடு, ஃபிலிமிலும் டிஜிட்டலிலுமாக அடுத்தடுத்து எடுத்தவை. பெரிதாக்கிப் பார்த்தான். டிஜிட்டலில் அவள் முழங்கை கழுவிக் கவிழ்த்த தட்டுபோல் வழவழவென்று இருந்தது. இன்னும் பெரிதாக்கினால் சதுரங்கள். ஃபிலிமிலோ, மணல் தூவியதுபோன்ற துகள்களுக்கிடையே எல்லாம் இருந்தது. “கையின் ஒவ்வொரு ரோமமும் நிமிர்ந்து நிற்பதை எண்ணிவிடலாம்” என்று அன்று எழுதியிருந்தான். ஃபிலிம்காரர்கள் கொண்டாடித் தீர்த்த வரி. அதையே மறுபடி போடலாமென்று படித்தவன் ‘நிமிர்ந்து’ என்ற இடத்தில் நின்றான். படத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்தான். ஒவ்வொரு ரோமத்தின் அடியிலும் தோல் சின்னதாகப் புடைத்திருந்தது. விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

குளிர். அவளுக்குக் குளிரியிருக்கிறது. அதைத்தான் அவன் துல்லியம் என்று எழுதியிருக்கிறான்.

போனை எடுத்தான். மச்சினிதான் பேசினாள். “என்ன அத்தான், இன்னிக்கு எத்தன மெகாபிக்சல்?”

“அக்காகிட்டக் குடும்மா.”

அவன் குரலில் என்ன கேட்டதோ, அவள் மேற்கொண்டு கிண்டல் செய்யவில்லை. போன் கைமாறியது. தூரத்தில் குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

“அந்த மொட்டை மாடில... உனக்குக் குளிருச்சுல்ல? ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே.”

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. அன்று அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பேசாதே, படம் அசைந்துவிடும் என்றது அவன்தான்.

என்ன செய்வதென்று தெரியாமல் படத்தை மறுபக்கம் நகர்த்தினான். வானம், ஆன்டெனா, தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் குழாயில் அவனுடைய கம்பளிச் சட்டை தொங்கியது. படமெடுக்கக் கை இடிக்கிறதென்று அவன் கழற்றி மாட்டியது. அவள் நின்ற இடத்திலிருந்து பத்தடிகூட இருக்காது. அதன் ஒவ்வொரு பின்னலும் தெளிவாகத் தெரிந்தது.

அந்தப் பக்கம் குழாயை யாரோ மூடினார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

“இப்ப பேசேன்” என்றான். “ஏதாவது பேசேன்மா.”